ஓர் இறக்கை போதும்

வினையை மற்றவர்கள் விலைகொடுத்து வாங்குவார்கள். லாஸ்யாவுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. இன்னும் முடிவடையாத, சோதனையில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். 'வேலைக் கணினியில் ஏற்றாதீர்கள்' என்று சிவப்பெழுத்தில் போட்டிருந்தார்கள். சிங்காநல்லூரில் தன் பம்ப் பட்டறையில் இருந்த ஒரே கணினியில் அதை ஏற்றினாள், மகராசி.

ஒரே வாரத்தில் மூன்று முறை திரை உறைந்தது. மூன்று முறையும் பொத்தானை அழுத்திப்பிடித்து அணைத்தாள். வியாழன் மாலை, மூன்று மாதமாக வரைந்த புது இம்பெல்லரின், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தின், கோப்பு திறக்கவில்லை. நகல் இருந்தது, அதே டிஸ்கில். அதுவும் திறக்கவில்லை. திங்கட்கிழமை வார்ப்பு அச்சு செய்பவரிடம் படம் போகாவிட்டால், மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புக்காரர்களின் ஆர்டர் கைநழுவிவிடும்.

இனி அந்த டிஸ்கில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது, முதலில் முழுசாக நகலெடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அணைத்துவிட்டு, காலையில் புது டிஸ்க் வாங்கக் கிளம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. லேத் ஓட்டும் தம்பிதுரை வழக்கம்போல எல்லா மிஷினுக்கும் சூடம் காட்டி, ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிவிட்டார். கணினியையும் விடவில்லை. லாஸ்யா திரும்பி வருவதற்குள் அது எழுந்து, தன்னைத்தானே பழுதுபார்க்கிறேன் பேர்வழி என்று கோப்புகளைப் பிய்த்து, பெயரெல்லாம் போய் வெறும் எண் போட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகளாகக் குவித்து வைத்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

சுள்ளென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இல்லீங்ணா. நாந்தான் சொல்லிப்போட்டுப் போயிருக்கோணும்."

முதலில் நகலெடுத்தாள். பிறகு நகலில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பழைய ரசீது, யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை, பாதி போட்டோ. வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. கண் எரிந்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு மதியம் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காவது துண்டில் இம்பெல்லர் வந்தது. ஏழு இறக்கைகளில் ஒன்றுதான் முழுசு. அதற்குப் பிறகு கோப்பு அறுந்திருந்தது.

லீவு நாளிலும் வந்து உட்கார்ந்திருந்த தம்பிதுரை எட்டிப் பார்த்தார். "அட சாமி! ஆறு போயிருச்சுங்களே."

லாஸ்யா அந்த ஒற்றை வளைவையே பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"போனாப் போகுதுங்ணா. ஏழும் ஒரே வளைவுதானுங்களே. மூணு மாசம் நான் மல்லுக்கட்டுனது இந்த ஒண்ணுக்குத்தான்."

முதல் வேலையாக அதைப் புது டிஸ்கிலும் பென்டிரைவிலும் சேமித்தாள். பிறகு அந்த இறக்கையை நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்பி, இரண்டாவதை வைத்தாள்.