கைகாட்டும் பக்கம்

"பத்தாவதையே பாதியில விட்டவ நீ. உன் பேச்சை யாரு கேப்பா?"

சித்தப்பா ஒருமுறை இப்படிக் கேட்டார். அவரேதான் டயர்க் கடைக்கு மேலே இருக்கும் தன் அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். வாடிக்கையாளர்களின் இணையதளங்களைத் தேடலில் மேலே ஏற்றிவிடுவது அவர் தொழில். அதன் சூட்சுமத்தை முதல் நாளே சொல்லிவிட்டார்: "நம்மள நாமளே மெச்சிக்கிட்டா எடுபடாது. அடுத்தவன் கை காட்டணும். அதுவும் பத்துப் பேர் மதிக்கிறவன் காட்டினா வெயிட்டே தனி." அப்படிக் கை காட்டுவதுதான் லிங்க். அதற்காகவே ஒப்புக்குச் சில தளங்களை நடத்தினார். அவை ஒன்றையொன்று மாறி மாறிக் காட்டிக்கொண்டன. தேடுபொறி சட்டை செய்யவில்லை.

ஜன்னலோரச் செடிகள் பற்றிய தளம் என் பொறுப்பு. நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராத நான் அதில் பேசினேன். இலை ஏன் மஞ்சளாகிறது, அழுகிய வேரை எங்கே வெட்டுவது, என் கையால் செத்த செடிகள் எப்படியெல்லாம் செத்தன. முகம் தெரியாதவர்கள் படித்தார்கள். தோட்டக்காரர்கள் சிலரும் ஒரு நூலகமும் தங்கள் பக்கங்களிலிருந்து எனக்கு லிங்க் கொடுத்தார்கள். சித்தப்பாவின் தளங்களில் எடை கூடியது இது ஒன்றுதான்.

அந்த எடையைத்தான் தன் வாடிக்கையாளரான ஒரு சரும அழகு நிலையத்துக்காகச் சித்தப்பா கேட்டார். சிகிச்சை என்று சொல்லி என் அக்காவின் கன்னத்தைப் பொசுக்கிய நிலையம் அது. நடந்ததைப் படத்தோடு அக்கா எழுதிப்போட்ட பக்கம் தேடலில் எங்கோ அடியில் கிடந்தது.

"'வாடின இலைக்கு உரம், வாடின முகத்துக்கு இவங்க'ன்னு ஒரு வரி போடு. அவ்வளவுதான்டி."

"அக்காவுக்கு ஆனது?"

"அது அவ உடம்பு வாகு."

ஒரு வரிதான் போட்டேன். 'அந்த நிலையத்துக்குப் போகுமுன் இதைப் படியுங்கள்' என்று, அக்காவின் பக்கத்துக்கு லிங்க்கோடு. படித்தவர்களில் பலர் தங்கள் பக்கங்களிலும் அவளுக்கு லிங்க் கொடுத்தார்கள். சில வாரங்களில், நிலையத்தின் பெயரைத் தேடினால் அவர்கள் தளத்துக்கு நேர் கீழே அக்கா நின்றாள்.

நிலையத்தின் மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார். சித்தப்பா என் மேஜையைத் தட்டினார்.

"எடு அந்த லிங்க்கை."

"மாட்டேன்."

"என் சைட்டுடி அது!"

"எழுத்து என்னுது. பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். இதை நீங்க எடுத்தாலும், மத்தவங்க குடுத்ததை எப்படி எடுப்பீங்க?"

அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. காது சுட்டது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"யாரு வேணா எதை வேணா எழுதலாம் சார்," என்றார் மேலாளர் சித்தப்பாவிடம். "படம்கூட எங்கயோ சுட்டதா இருக்கும். மொதல்ல, அப்படி ஒரு பொண்ணு இருக்காளா?"

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்தாள். டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள். வெளியே வந்தால் எடுக்கவே எடுக்காத மாஸ்க்கை எடுத்துவிட்டு, வெளிச்சம் கன்னத்தில் விழும்படி திரும்பி, அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

மேலாளர் கைப்பையைத் தேடி எடுத்தார். எங்கள் யாரையும் பாராமல் படியிறங்கிப் போனார்.