உரிமையாளர் கையொப்பம்

ஆறு மணிக்கு எழுந்தேன். கதவுக் கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினேன். பாதியைக் குடித்தேன். மீதியை சிங்க்கில் ஊற்றினேன். கால் லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகச் சொல்லவில்லை. முகம் மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எதற்கு இஸ்திரி என்று கேட்க ஆளில்லை. பத்து மணிக்குக் கீழே குடியிருப்போர் சங்கக் கூட்டம்.

கூட்டம் நடக்கும் ஹால் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே ஒலிபெருக்கி போட்டால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

வந்திருந்தது முப்பது பேர். அதற்கும் மைக். செயலாளர் புகார்ப் பதிவேட்டை வாசித்தார். லிஃப்ட் விளக்கு. மூன்றாம் மாடி நாய்.

"அடுத்தது பதினேழு. ஒலிபெருக்கிச் சத்தம். உரிமையாளர் கையெழுத்து இல்லை. புகார்தாரர் உயிரோட இல்லை. முடிச்சாச்சு."

கோடு இழுக்கப் பேனாவைத் திறந்தார்.

"முடிக்காதீங்க," என்றேன்.

"உட்காருங்க தம்பி. எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கில்ல? நீங்களே டைப் அடிச்சதுதானே?"

நான் அடித்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன், வாடகைக்கு இருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் புகார் எழுதுகிறார்கள் என்று எல்லாரும் சலித்துக்கொண்டபோது எட்டாம் விதியைச் சொன்னதே நான்தான். உரிமையாளர் கையொப்பமிட்ட புகாரின் மீது மட்டுமே நடவடிக்கை. கை தட்டினார்கள். எங்கள் வீடு என் மனைவி பெயரில் இருப்பது அன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அனுப்பிய ஒன்பதாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, ஹாலில் யாருக்கோ பிறந்தநாள். கட்டில் அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவள் பல்லைக் கடித்தாள். கீழே ஓடினேன். செயலாளர் செல்போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்தார். வெளி கேட் வரை நடந்து போய் அங்கே நின்று அளந்தார்.

"அளவுக்குள்ளதான் இருக்கு. பத்து மணி வரைக்கும் அனுமதியும் இருக்கு. நிறுத்தணும்னா வீட்டுக்காரம்மா கையெழுத்து வேணும்."

"அவளால எழுந்திரிக்க முடியாது சார்."

"அதுக்கென்ன, புகார் நோட்டை மேல அனுப்புறேன்."

பெரிய உதவி செய்கிறவர் முகம் அது. மூன்று மாதமாக அந்த முகத்தைத்தான் மழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

காவலாளி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நோட்டைக் கட்டிலில் விரித்தார். பேனாவை அவள் விரல்களுக்கிடையில் நான் வைத்தேன். ஒரு புள்ளி விழுந்தது. பேனா உருண்டு தரையில் விழுந்தது. அவள் காவலாளியைப் பார்த்து ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஏழரைக்குப் போய்விட்டாள். பாட்டு ஒன்பது மணிக்கு நின்றது.

"புள்ளியெல்லாம் கையெழுத்து ஆகுமா?" பொருளாளர் இப்போது பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "இதை ஏத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிடுவாங்க."

பின்வரிசையில் யாரோ "பாவம்" என்றார்கள். அந்த வாயில் அறைய வேண்டும் போலிருந்தது.

எழுந்துபோய் மைக் ஒயரைப் பிடுங்கினேன். செயலாளரின் குரல் சட்டென்று ஒரு சாதாரண ஆளின் குரல் அளவுக்குச் சுருங்கியது.

"என்ன தம்பி இது? அவங்க புகார் குடுத்ததுக்கு என்ன ஆதாரம்?"

"நான் அங்கதான் சார் இருந்தேன்," என்றார் காவலாளி, கதவருகே நின்றபடி. "அம்மா என்கிட்டதான் சொன்னாங்க."

"உன்னை யாருய்யா கேட்டா?"

பதிவேட்டை என் பக்கம் திருப்பினேன். பதினேழாம் எண்ணுக்கு எதிரே தலைப்பு மட்டும் இருந்தது; 'புகார் விவரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. செயலாளர் கையிலிருந்த பேனாவைப் பிடித்தேன். அவர் விடவில்லை; இழுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

"கையெழுத்து அப்புறம் போடுறேண்ணே. முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க."