கிராவலுக்கு அடியில் கறுப்பு மண்

முதல் தண்ணீர் பாய்ந்ததுமே என் மஞ்சள் வயலில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. ஒரு கை மண்ணை அள்ளினேன். பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது.

நாலு வருடத்துக்கு முன், பொம்மிடி ரோட்டில் எங்கள் ஏரிக்கரை மேல் ஆயில் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. ஏரியோரமெல்லாம் கறுப்புக் கூழ். திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வார்டு மெம்பர் நான் சும்மா இருப்பேனா? முப்பது டிராக்டர் கிராவல் கொட்டி ஒரே நாளில் மூடினேன். பக்கத்து வயல் பச்சியப்பன் திருவிழா மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினான். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவன்.

இந்தக் கோடையில் ஏரி வற்றியது. வண்டல் எடுக்க அனுமதி வந்தது. கிராவலை விலக்கினால் அடியில் கன்னங்கரேலென்று மண். நாலு வருடத்தில் ஆயில் மக்கி உரமாகியிருக்கும் என்று நானும் பச்சியப்பனும் வயலுக்குப் போட்டிபோட்டு அள்ளினோம். நான் உடனே பரப்பி மஞ்சளும் நட்டுவிட்டேன். நாறத்தான் செய்தது. ஏரிச்சேறு மணக்கவா செய்யும் என்று சிரித்தோம்.

வயலில் படலம் மிதந்த அன்றைக்கே பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வேளாண் அலுவலர் சுசித்ரா வந்து பார்த்தார்.

"மூடுனதுதாங்க தப்பு. காத்து பட்டிருந்தா மண்ணுல இருக்கற நுண்ணுயிரே ஆயில கொஞ்சங் கொஞ்சமா தின்னுருக்கும். காத்துப் போவாம ஊறுகா மாதிரி அப்படியே கெடந்திருக்கு."

"இப்ப என்னங்க பண்றது?"

"வெதமஞ்சள எடுத்துருங்க. சாணி போட்டு மாசாமாசம் கெளறி வுடுங்க. இந்த வருசம் வெள்ளாமை வேணாம்."

அவர் போனதும் பொக்லைன் ஓட்டும் குப்புராஜ் கிட்டே வந்தான். "அண்ணா, மேல நாலு லோடு செம்மண்ணு அடிச்சா ஒண்ணுந் தெரியாதுங்க."

அன்றைக்கு நான் சொன்ன அதே பேச்சு. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, அவன் மேல் அல்ல.

பச்சியப்பன் வயலில் வண்டல் இன்னும் குவியலாகவே கிடந்தது. மறுநாள் பரப்புவதாக இருந்தான். சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த தேர்தலில் என்னை நாய்கூடச் சீண்டாது. மண் ஒட்டிய கையைக் கழுவாமலே அவன் வயலுக்கு நடந்தேன்.

"பச்சியப்பா, மண்ணப் பரப்பாத."

"ஏங்கண்ணா?"

கையை அவன் மூக்கருகே நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"என்னங்கண்ணா இது, கருமம்!"

"இதுக்குத்தான்டா நீ எனக்குப் பொன்னாட போத்துன."