மேல்காற்றில் வந்த மருமகள்

கரிமுன்ஜாவா தீவில் இருக்கிற எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறோம். எந்த மாதம் வந்தால் நல்லது என்று போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் மத்ராயிஸ் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "மே மாசம் வாங்க. கடல் கண்ணாடி மாதிரி கெடக்கும்." அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மருமகள் நிங்ரும் கேட்டபோதும் அதையே சொல்லப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நீ ஜனவரியில வாம்மா," என்றேன்.

போனை வைத்ததுதான் தாமதம், மனிதர் குதிக்க ஆரம்பித்தார்.

"ஒனக்கென்ன கிறுக்கா? மேல்காத்துல எவளாவது மருமகள வரச் சொல்லுவாளா? கப்பல் ஓடுமான்னே தெரியாது."

"ஓடுற அன்னிக்கு வரட்டும்."

"வந்த கால்லயே திரும்பி ஓடிருவா. ஒம்புள்ள செமாராங்லயே நட்டு முடுக்கிக்கிட்டுக் கெடப்பான். நான் படக வித்துட்டு வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அதான வேணும் ஒனக்கு?"

விஷயம் அதுதான். அவருக்கு முழங்கால் போய்விட்டது. எங்கள் ஒரே மகன் யூடி, அக்கரையில் செமாராங்கில் பார்க்கிற பட்டறை வேலையை விட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொள்ளத் தயார். பெண்டாட்டி தீவைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கல்யாணம் அவள் ஊரில் நடந்தது. அவள் அதுவரை கடல் தாண்டியதே இல்லை.

கரிமுன்ஜாவாவுக்கு வெளியூர்ப் பெண்ணை எப்போதும் மே, ஜூனில்தான் கூட்டிவருவார்கள். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லா மாமியார்களுக்கும் தெரியும். நானும் அக்கரை ஜெப்பாராக்காரிதான். என்னையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். படகில் உட்கார்ந்தபடியே அடியில் மீன் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கொடுத்து வைத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டேன். வருடக் கடைசியில் மேற்கிலிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தது, கப்பல் நின்றது. அந்த மேல்காற்றில்தான் என் அப்பா இறந்துபோனார். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் குழிமேட்டில் புல் முளைத்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜனவரியில் காற்று கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாளில் யூடியும் நிங்ருமும் வந்தார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்து அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. மறுநாளே காற்று எழுந்து கப்பல் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தகரக் கூரை பகலெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கடையில் முட்டை தீர்ந்தது, பிறகு வெங்காயம், பிறகு காஸ். விறகு மூட்டி மரவள்ளிக் கிழங்கும் கருவாடுமாக ஓட்டினேன். யூடி ஓடாத படகின் இன்ஜினைக் கழற்றுவான், மறுபடி மாட்டுவான். நான் பெருக்கிய வாசலையே பெருக்கினேன். நிங்ரும் படகுத்துறைக்குப் போவாள், அலையைப் பார்ப்பாள், திரும்பி வருவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பிவிடுவாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது எப்பவாவது வர்றதும்மா," என்று மத்ராயிஸ் கூசாமல் புளுகினார். "இந்த வருசந்தான் இப்படி."

"வருசா வருசம் இப்படித்தான்," என்றேன் நான் அடுப்படியிலிருந்து.

அன்றைக்கு நான் கருவாடு ஆய்ந்துகொண்டிருக்கும்போது நிங்ரும் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? நான் இங்க வரக் கூடாதுன்னுதான ஜனவரியில வரச் சொன்னீங்க?"

"அடிப் பைத்தியமே, வரணும்னுதான் சொன்னேன். இத மறைச்சு ஒன்னக் கொண்டாந்து வச்சா, நாளைக்கு நீ என்ன மன்னிப்பியா? நான் எங்க மாமியார மன்னிக்கலையே." அப்பா செத்த கதையைச் சொன்னேன்.

அவள் ஒரு கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு கேட்டாள். "அதுக்கப்பறம் மேல்காத்துக்கு எங்க போவீங்க?"

"எங்க போறது? இங்கதான்."

"எல்லா வருசமுமா? கப்பல் நிக்கிறதுக்கு முன்னாடி ஊருக்குப் போய்ட்டு, காத்து நின்னதும் வரலாமில்ல? சுற்றுலாக்காரங்களே வராத காலத்துல நீங்க இங்க யாருக்குக் காவல்?"

இங்கே ஆண்களும் பெண்களும் மேல்காற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே கழிப்போம். எழுந்து போகலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது, கருவாட்டு நெடியைச் சாக்கு வைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலை காற்று விட்டது. ஒரு நடை கப்பல் போகும், மறுபடி நிற்கும் என்றார்கள். துறையில் தீவே கூடியிருந்தது. யூடியும் நிங்ருமும் பையோடு நின்றார்கள். மத்ராயிஸ் அவளைப் பார்க்காமல் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மே மாசம் வந்துர்றோம்ப்பா, குடியிருக்க," என்றாள் அவள். "ஆனா டிசம்பர் பொறந்தா எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். காத்து அடங்குனாத்தான் வருவேன். சரியா?"

"சரிம்மா, சரி சரி." மனிதர் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். கையில் மூன்று டிக்கெட் இருந்தது.

"டிசம்பர் வரைக்கும் எதுக்கும்மா காத்துக்கிட்டு? செமாராங்ல எங்ககூட இருங்க. போற வழியில ஜெப்பாராவுல எறங்கி தாத்தா குழிமேட்டப் பாத்துட்டுப் போவோம்."

கப்பல் ஊதியது. என் கையில் மாற்றுத் துணிகூட இல்லை. கால் மட்டும் தானாகப் பலகையில் ஏறிவிட்டது.

"ஏய், எனக்கு யாரு சோறாக்குறது?" என்று கத்தினார் மத்ராயிஸ்.

"ஒங்க தங்கச்சி பக்கத்து வீட்டுலதான இருக்கா!"

"எப்பத் திரும்பி வருவ?"

கப்பல் துறையை விட்டுவிட்டது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று நானும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"மே மாசம்! கடல் கண்ணாடி மாதிரி கெடக்கும்!"