ஐஸில் வந்த ரத்தம்

இந்த ரத்தம் எங்கேயோ காத்துக் கிடந்திருக்கும். லிஃப்ட் வாசலில், நர்ஸின் தட்டில், யாராவது டீ குடிக்கப் போன நேரத்தில். ஐஸ் இல்லாமல் வெளியில் கிடந்தால், உடம்பு திணறும்போது ரத்தத்தில் ஏறுகிற லாக்டேட் குழாய்க்குள்ளேயே ஏறிவிடும். ஏறியது குழாய்க்குள்தான், அவள் உடம்புக்குள் இல்லை.

மாதங்கி திரையைப் பார்த்தபடி இதையே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஆஸ்பத்திரி லேபில் எத்தனையோ பேருடைய எண்களைச் சலனமில்லாமல் பார்த்து அனுப்பியிருக்கிறாள். திரையில் தங்கை சாதனாவின் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன சாதனா நேற்று மாலை நடுக்கத்தோடு திரும்பி வந்தாள். வந்ததுமே எடுத்த ரத்தத்தில் புரோகால்சிடோனின் குறைவாகத்தான் இருந்தது. கிருமி ரத்தத்தில் பரவினால் ஏறுகிற பொருள் அது. ஆனால் ஏறுவதற்குச் சில மணி நேரம் வேண்டும். பதறிக்கொண்டு சீக்கிரம் வந்ததுதான் வினையாகிவிட்டது. மாத்திரையில் காய்ச்சல் இறங்க, காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மாதங்கிதான் மனசு கேட்காமல், போவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவரிடம் அனுமதி வாங்கினாள்.

அந்தக் குழாய் ஐஸில் வரவில்லை என்று உடன் வேலை செய்யும் ஸ்னேகா சொன்னபோது மாதங்கிக்கு உயிர் வந்தது. தானே மாடிக்குப் போய்ப் புதிதாக ரத்தம் எடுத்தாள்.

"குழந்தை பால் குடிச்சானாக்கா?" என்றாள் சாதனா. குடித்தான் என்றாள் மாதங்கி. ஊசியை எடுப்பதற்குள் சாதனா அதையே மறுபடி கேட்டாள். பிறகு, "ஏசிய நிறுத்தச் சொல்லேன், குளிர்றது," என்றாள்.

அந்த அறையில் ஏசி ஓடவில்லை.

லிஃப்டுக்கு நிற்காமல், ஐஸில் புதைத்த குழாயோடு மாதங்கி படியிறங்கி ஓடிவந்தாள். இந்த முறை சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. லாக்டேட் முன்னதைவிட ஏறியிருந்தது. புரோகால்சிடோனின் நேற்றைய எண்ணோடு உறவே இல்லாத இடத்துக்குப் போயிருந்தது.

டாக்டரைக் கூப்பிட ஃபோனை எடுத்தபோது லேப் வாசலில் ரோஹித் நின்றான், சாதனாவின் கணவன். இன்று குழந்தைக்குப் பதினோராம் நாள், தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம். திருச்சியிலிருந்து வந்த உறவுக்காரர்களைக் காலையில்தான் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து லேக் கார்டன்ஸ் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வாத்யார் வந்து உக்காந்துண்டிருக்கார். கார் கீழ நிக்கறது. ஃபீவர்தான் இல்லையேக்கா."

அவள் திரையைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், பிறகு வேண்டுமென்றே பார்வையை நகர்த்திக்கொண்டான்.

"லேப்ல இருக்கறவாளுக்கு யாரைப் பார்த்தாலும் வியாதிதான்," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்தப் புது ரிசல்ட்ட மத்தியானமா அனுப்புங்கோளேன். தாயும் குழந்தையும் மணையில உக்காந்து எழுந்துக்கட்டும். நானே திருப்பிக் கொண்டு வந்து விட்டுடறேன். அம்மாகிட்ட என்னால போய்ச் சொல்ல முடியாதுக்கா. ப்ளீஸ்."

அவனும் பயந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பயத்தை மறைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு சடங்கு இருந்தது. அவளுக்கும் ஒன்று இருந்தது, கொஞ்ச நேரம் முன்பு வரை. ஐஸ் இல்லாமல் வந்த ஒரு குழாய்.

மாதங்கி நாற்காலியில் உட்கார்ந்து ரிசல்ட்டை அனுப்பினாள். ஃபோனில் டாக்டரிடம் இரண்டு எண்களையும் நிதானமாகப் படித்தாள். குரல் நடுங்காதது அவளுக்கே அச்சமாக இருந்தது. ஐசியூவில் படுக்கை தயார் செய்யச் சொல்வதாக அவர் சொன்னார். ரோஹித் அதற்குள் போய்விட்டிருந்தான்.

மாடியில் சாதனா பட்டுப் புடவையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு. மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த ரோஹித், "கிளம்பலாமாக்கா?" என்றான். மனைவியிடம் கேட்கவில்லை, மாதங்கியிடம்தான் கேட்டான்.

அவள் மண்டியிட்டாள். இன்னொரு செருப்பை மாட்டத்தான் குனிகிறாள் என்று நினைத்து அவன் அதைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினான். மாதங்கியோ, மாட்டியிருந்ததையும் கழற்றி, இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தங்கையின் பாதத்தைக் கையில் ஏந்தினாள். சில்லென்று இருந்தது. அதன் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். அழுத்திய இடம் வெளுத்தது; ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டு நொடியில் சிவக்க வேண்டும். அங்கே சிவப்பு திரும்பி வருவதற்காக மாதங்கி குனிந்தபடியே காத்திருந்தாள்.