பட்டைக்குள் போன கயிறு

வேப்பமரம் வாட ஆரம்பித்த மூன்றாவது வாரம், பழி யூசுப் தலையில் வந்து விழுந்தது.

மரம் நின்றது மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், ஓர் அடுக்குமாடிக்குப் பின்னால், சந்து முனையில். மரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஓர் அம்மன் கோயில். கோயிலை ஒட்டி அதே நிழலில் யூசுப்பின் ரொட்டி சானாய் கடை. நாலு மேசை, ஒரு ரொட்டிக் கல், ஒரு தேத்தண்ணீர் பாய்லர், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக அம்மனும் யூசுப்பும் ஒரே நிழலைப் பங்கு போட்டுக்கொண்டு, சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தார்கள். பூ கொட்டுகிற மாதத்தில் மட்டும் அவர் கோயில் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவார்: "அம்மா தாயே, என் பருப்புக் கறியில கசப்பு போடாத லா! கஸ்டமரு ஓடுறான்!" சந்தே சிரிக்கும். இப்போது அந்தச் சிரிப்பே சாட்சியாகிவிட்டது.

"அப்பவே மரத்து மேல கடுப்புதான அவனுக்கு," என்றார் கோயில் தலைவர் சின்னையா. "சட்டி கழுவுன சுடுதண்ணிய வேர்ல ஊத்தியிருக்கான். வேற எப்படி மரம் இப்படி ஆவும்?"

இடம் கோயிலுக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டுக் கடையை எடுக்கச் சொல்லிவிடுவது என்று முடிவாகியிருந்தது. கூட்டம் போடுவதற்கு முன்னாலேயே முடிவானதுதான் வேடிக்கை.

மூன்றாவது மாடியில் குடியிருந்த லோகேஸ்வரிக்கும் இது காதில் விழுந்தது. அவள் மகள் தனுஜாவோடு தனியாக இருந்தாள். தினமும் ஃபெரி ஏறி, அக்கரையில் செடி நர்சரி வேன் பிடித்து, கெப்பாலா பத்தாஸ் போய் வேலை செய்தாள். பதினோரு வருடமாக ஒரே வேலை. கிளையில் பதியம் போடுவது. மலாய்க்காரர்கள் அதைத் துத் என்பார்கள்.

வேலை என்னவோ சுலபம்தான். நல்ல எலுமிச்சைக் கிளையாகப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்துவிட வேண்டும். மேலே ஈரத் தேங்காய் நாரை வைத்து, பிளாஸ்டிக்கால் கட்ட வேண்டும். பட்டையை உரித்தும் கிளை ஏன் சாகவில்லை என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். செடிக்குள் இரண்டு பாதை. வேர் குடிக்கிற தண்ணீர் உள்மரம் வழியாக மேலே ஏறும். இலை வெயிலில் சமைக்கிற சாப்பாடு பட்டைக்குள் இருக்கிற வழியில் கீழே இறங்கும். பட்டையை உரித்தால் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும், சாப்பாடு மட்டும் வெட்டின இடத்துக்கு மேலே வந்து நின்றுவிடும். போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, மேல் உதடு வீங்கி, அந்த வீக்கத்தில்தான் புது வேர் விடும். அந்த வீக்கத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் லோகேஸ்வரியின் விரல் கண்டுபிடித்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம், வேலை விட்டு வந்தவள் அம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. பிடிமானத்துக்கு அடிமரத்தில் கையை ஊன்றினாள்.

கை எடுக்க முடியவில்லை.

மரத்தைச் சுற்றி இடுப்பு உயரத்தில் மஞ்சள் துணிகள். நேர்த்திக்கடன் துணிகள். ஒன்றின் மேல் ஒன்றாக வருடக்கணக்காகக் கட்டினவை. அம்மனுக்குக் கட்டினதை யாரும் அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் வேண்டுதலும் அவிழ்ந்துவிடும் என்பது அந்தச் சந்தின் நம்பிக்கை. புதுசு கட்டுகிறவர்கள் பழசின் மேலேயே கட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் துணிக்கட்டுக்கு மேலே, அவள் உள்ளங்கைக்கு அடியில், மோட்டார் டயர் மாதிரி ஒரு வீக்கம் மரத்தைச் சுற்றி ஓடியது.

துணிகளுக்குள் விரலை நுழைத்தாள். பள்ளம். பள்ளத்தின் அடியில் நகத்துக்கு வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. பார்க்காமலே நிறம் தெரிந்தது. பச்சை. நர்சரியில் கன்று கட்டுகிற நைலான் கயிறு.

அவள் கட்டினதுதான்.

ஏழு வருடத்துக்கு முன்னால், தனுஜாவுக்கு ஆறு வயது. டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. லோகேஸ்வரி மஞ்சள் துணியை நூலால் கட்டிவிட்டுப் போனாள். மறுநாளே மழையில் நூல் அறுந்து துணி கீழே கிடந்தது. பதறிப்போனவள் நர்சரிக் கயிற்றைக் கொண்டுவந்து, இனி எந்த மழைக்கும் அறுந்துபோகக் கூடாது என்று இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டாள். பிள்ளை பிழைத்தது. மரம் பருத்தது. கயிறு பருக்கவில்லை.

பட்டை கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டிருக்கிறது. மேலே இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால் பார்க்கிறவர் கண்ணுக்கு மரம் பச்சையாகவே இருந்தது. கீழே வேர் பட்டினி. சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்துவிட்டு, இப்போதுதான் கைவிரிக்கிறது.

"என்னா தங்கச்சி, மரத்தோட ரகசியம் பேசுறியா?" யூசுப் கடையிலிருந்து கூப்பிட்டார். "வா, தேத்தண்ணி குடி. ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் கேட்டாலும் கெடைக்காது."

போய் உட்கார்ந்தாள். குடித்தாள். இனிப்பு தெரியவில்லை.

"அண்ணே, நீங்க ஊத்துனீங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

யூசுப் பாய்லரை மூடிவிட்டுத் திரும்பினார். "நீயுமா?" என்றார். அவ்வளவுதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பழமொழி அவளைத் துரத்தியது. அன்றைக்கு நர்சரியில் அவள் முப்பது கிளைக்கு வளையம் போட்டாள். ஒவ்வொரு தடவையும் கத்தி சுற்றி வந்து முதலில் தொட்ட இடத்தைச் சேரும்போது பச்சைக் கயிறுதான் நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலமும் மறுநாளும் வழக்கம்போல யூசுப் கடையில் தேத்தண்ணீர் குடித்தாள்.

சனிக்கிழமை தனுஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், மரம் பிழைப்பது சந்தேகம்தான் என்பதையும் சேர்த்து. பதிமூன்று வயதுப் பெண், படித்த பிள்ளை, மூடநம்பிக்கை என்று சிரிப்பாள், தைரியம் சொல்வாள் என்று நினைத்திருந்தாள்.

தனுஜா சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்தாள்.

"அத அவுக்கப் போறியாம்மா?"

"அவுக்காட்டி மரம் செத்துரும்டி. அந்த அண்ணன் கடையும் போயிரும்."

"மரம் எப்படியும் சாவப்போவுதுன்னுதான சொன்ன?" பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக்காதம்மா. எனக்கு பயமா இருக்கு."

தனக்குத் தைரியம் வேண்டும் என்று போனவள், பிள்ளைக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயில் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள். யூசுப் நின்றுகொண்டிருந்தார். யாரும் நாற்காலி கொடுக்கவில்லை.

"இத்தன வருஷமா சட்டி கழுவுன தண்ணி ஒரு சொட்டு இந்தப் பக்கம் ஊத்துனதில்ல, தலைவரே. வாளியில புடிச்சு லோங்காங்லதான் கொட்டுறேன்," என்று சாக்கடையைக் காட்டினார்.

"வேர் லோங்காங் வரைக்கும் போவாதா?"

"அப்ப சந்துல கார் கழுவுறவன், மோட்டார் எண்ணெ மாத்துறவன், அவனுங்கள எல்லாம் கேளுங்க லா."

"அவனுங்க யாரும் அம்மன கிண்டல் பண்ணல," என்றார் சின்னையா. "பேசி என்னா பண்றது? மாசக் கடைசிக்குள்ள எடுத்துரு. கை தூக்குங்கப்பா."

கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. எண்ணி முடிக்கிற வரைக்கும் லோகேஸ்வரியின் வாய் திறக்கவில்லை. பதினொன்று. யூசுப் தலையை ஆட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தாரா வேர்வையைத் துடைத்தாரா என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அவள் எழுந்தாள்.

"அவரு இல்ல. நாந்தான்."

சொல்லிவிட்டால் போதாது என்று அவளுக்குத் தெரியும். நேரே மரத்துக்குப் போய், பையிலிருந்து பதியக் கத்தியை எடுத்து, மஞ்சள் துணிகளில் வைத்தாள்.

"ஏய்! சாமித் துணி!" சின்னையா பாய்ந்து வந்தார்.

"தெரியும், மாமா. என் புள்ளைக்கு வேண்டிக் கட்டுனதும் இதுக்குள்ளதான் இருக்கு."

அந்த வார்த்தைக்கு அவர் நின்றுவிட்டார். துணிகள் ஒவ்வொன்றாக அறுபட்டு விழுந்தன. பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள். அவர்களுடைய துணியும் அதில் இருந்திருக்கும். கடைசித் துணி விழுந்ததும் எல்லாரும் பார்த்தார்கள். மேலே வீங்கின உதடு, கீழே சூம்பின மரம், நடுவில் பள்ளத்துக்குள் பச்சைக் கயிறு. கத்தி நுனியால் நெம்பி நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது.

சின்னையா குனிந்து ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"சரிப்பா யூசுப்," என்றார் சின்னையா, தரையைப் பார்த்துக்கொண்டு. "கூட்டத்துல பேசுனத விட்ரு. நீ பாட்டுக்குக் கடையப் போடு."

"விட்றதா?" யூசுப் துண்டை உதறி மடித்தார். "சூலியா தெருவுல மச்சான் கடை இருக்கு, ரொட்டி போட ஆள் தேடுறாரு. நேத்தே சரின்னுட்டேன். இங்க இனிமே ஒருத்தன் தேத்தண்ணி வாயில வெச்சாலும், என் மனசு அவன் கையத் தூக்குனவனான்னுதான் பாக்கும்."

லோகேஸ்வரி கத்தியோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "மன்னிச்சிருங்கண்ணே. நான் வேணும்னு செய்யல."

"கயிறு கட்டுனது வேணும்னு இல்ல. எனக்குத் தெரியும், தங்கச்சி." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. "எப்ப தெரிஞ்சிச்சி?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம்.

"வியாழக்கெழம."

"வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் என்கிட்ட தேத்தண்ணி வாங்கிக் குடிச்சியே," என்றார் யூசுப். பிறகு போய்க் கல்லுக்கடியில் நெருப்பை அணைத்தார்.

கூட்டம் கலைந்தது. மரத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைத் தள்ளிப்போட முடியாது. மரத்தின் அடியிலிருந்து கிளம்பிய இளங்குச்சிகளை வெட்டி, ஒரு நுனியைப் பள்ளத்துக்கு மேலே பட்டைக்குள்ளும், இன்னொரு நுனியைக் கீழே பட்டைக்குள்ளும் செருகி, பாலம் மாதிரிக் கட்ட வேண்டும். ஒட்டிக்கொண்டால் சாப்பாடு அது வழியாக இறங்கும். வேரில் இன்னும் உயிர் இருந்தால்.

"பொழைக்குமா?" சின்னையா பக்கத்தில் வந்து கேட்டார்.

"தெரியல, மாமா. இந்தக் குச்சிய நேரா புடிங்க. தலகீழா வெச்சிராதீங்க."

அவர் பிடித்துக்கொண்டார். அவள் கட்டினாள், இந்தத் தடவை இழுத்தால் நீளுகிற பிளாஸ்டிக் நாடாவால். பின்னால் மேசைகளை மடிக்கிற சத்தம் கேட்டது. முதல் மேசை, இரண்டாவது மேசை. திரும்பிப் பார்க்காமல் அடுத்த குச்சியை எடுத்தாள்.