எந்த நிலைக்கால்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. சமர்கண்டில் என் பக்கத்து வீட்டு பினஹாஸ் ஒரு நாள் சுத்தியல் இரவல் வாங்கிப் போனார். நாலு மாதமாகியும் திருப்பித் தரவில்லை. கேட்கப் போன இடத்தில் இதில் மாட்டிக்கொண்டேன்.

2

"பனிக்காலக் கடைசியில் புலோர் இறந்தாள். பதினோரு வயது. அவள்—"

இந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வீட்டில் யாரும் இந்த வாக்கியத்தை முடிப்பதில்லை.

மறுபடி. மகள் புலோர் போனதும் பினஹாஸ் அவள் அறை வாசலிலிருந்த மெசூசாவை, எங்கள் யூத வீடுகளில் காவலுக்காக நிலைக்காலில் அடிக்கும் வேதவரிக் குழலை, கழற்றினார். (வீட்டில் கெட்டது நடந்தால் கழற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். குழலுக்குள் சுருட்டிய தோலில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தாலும் காவல் போயிற்று என்பார்கள்.) வேதம் படித்த எங்கள் முல்லோ கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எல்லா எழுத்தும் முத்து முத்தா இருக்குப்பா. ஒரு குறையும் இல்ல."

பினஹாஸ் அங்கேயே அழுதார். ஓர் எழுத்து உடைந்திருந்தால் பழியை அதன் மேல் போட்டிருக்கலாம். மகள் உயிரோடிருந்தபோது, "இந்த வருஷமே இஸ்ரேலுக்குக் கிளம்பிடலாம்" என்று மனைவி மிஃப்ராத் கெஞ்சியபோது, "அடுத்த வசந்தத்துல பாக்கலாம்" என்றவர் அவர்தான்.

3

மிஃப்ராத் மகளின் அறைக்கே குடிபோய்விட்டாள். அதற்கு முற்றத்துப் பக்கம் தனி வாசல் உண்டு. மெசூசா கழற்றிய வாசலின் நடுக்கதவு, வீட்டுப் பக்கம் திறப்பது, சாத்தியாயிற்று. மெசூசாவோ, உள்ளே நுழைகிறவரின் வலப்பக்க நிலைக்காலில் அடிக்க வேண்டியது. இப்போது எது உள்ளே?

பினஹாஸ் கதவருகே நின்று கேட்டார்.

"ஏ மிஃப்ராத், எந்தப் பக்கம் அடிக்கட்டும்? நான் அங்க வர்றதா இருந்தா இந்தக் கால். நீ இங்க வர்றதா இருந்தா அந்தக் கால்."

"யாரும் எங்கயும் வர்றதா இல்ல. வேணும்னா உங்க நெத்தியில அடிச்சுக்கங்க."

முல்லோவிடம் ஓடினார். "யாரு யார்கிட்ட வர்றதுன்னு முடிவு பண்ணிட்டு வா. பக்கத்த நான் சொல்றேன்" என்றுவிட்டார் அவர்.

(இங்கே பினஹாஸ் மீது எனக்கே சந்தேகம். பழைய துளையில் அடித்துவிட்டுப் போகலாமே? கேட்டேன். "அடிச்சுட்டா அப்புறம் அவகிட்ட கேக்க ஒண்ணுமே இருக்காதேப்பா" என்றார்.)

தினமும் கேட்டார்.

4

முடிவு ஒன்று: மிஃப்ராத் கதவைத் திறக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு— எழுதிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

முடிவு இரண்டு: சேர்ந்து ஊரை விட்டுப் போகிறார்கள். நடக்காது. மகளின் கல்லறை இங்கே இருக்கிறது.

முடிவு மூன்று: நடுவாசலைச் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். சுவருக்கு மெசூசா வேண்டாம். இது என் கற்பனை என்றுதான் நம்பியிருந்தேன். நேற்று கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போனார். மிஃப்ராத் கூப்பிட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வேலை.

5

வாசகரே, இதுவரை உங்களைப் பினஹாஸின் அறையிலேயே உட்கார வைத்துவிட்டேன். ஓரவஞ்சனைதான். அதைச் சரிசெய்ய இன்று காலை முற்றத்து வாசல் வழியாகப் போய் மிஃப்ராத்திடம் கேட்டேன்: "ஏம்மா, ஒரே ஒரு நாள் திறந்திருக்கக் கூடாதா?"

"திறக்கிறதுக்கு என்ன இருக்குண்ணே? தாழே போடாமத்தானே இருந்துச்சு. நாலு மாசமா சும்மா சாத்தித்தான் வெச்சிருந்தேன். ஒரு நாளாவது தள்ளிப் பாத்தாரா மனுஷன்? கேட்டுக்கிட்டே நின்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம்தான் தாழ் போட்டேன்."

இதைப் பினஹாஸிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இந்தக் கதையை முடிக்கவும் தெரியவில்லை. அவர் இப்போதும் அந்தக் கதவருகேதான் நிற்கிறார். நீங்கள் அவரிடம் சொல்வதானால், ஞாயிறு வரை நேரம் இருக்கிறது.